கடுக்காய் மலைக்கே கடுக்காய்

“அட்டையின் ஒட்டுண்ணித் தகவமைப்புகளை விவரி.” ஏழு மதிப்பெண். பத்தாம் வகுப்பு அறிவியல், இங்கிலீஷ் மீடியம், திருப்புதல் தேர்வு. திருத்துகிறவன் நான். கையில் சிவப்புப் பேனா, பக்கத்தில் விடைக்குறிப்பு, எதிரே ஆடை கட்டிப்போன டீ.

முதல் தாள் ஒரு டவுன் பையனுடையது. அவன் அட்டையைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அவன் தெருவில் சாக்கடையைக்கூடக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். ஆனாலும் எட்டு பாயிண்ட் எழுதியிருந்தான். கைடில் இருந்தது இருந்தபடி, கைடின் அச்சுப்பிழையைக்கூட விட்டுவிடாமல். ஏழுக்கு ஏழு.

இரண்டாவது தாள், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பெண்ணுடையது. ஐந்தே வாக்கியம். “இட் ஈஸ் கம்மிங் இன் ஓடை வாட்டர். இட் ஈஸ் ட்ரிங்கிங் பிளட். நோ பெய்ன். ஆஃப்டர் தட் ஆல்சோ பிளட் கம்மிங். வீ புட் சால்ட், இட் ஃபால்.”

இந்த ஐந்து வாக்கியத்தில் என்ன இருந்தது என்று இப்போது சொல்கிறேன், அன்று சொல்லாதவன். அட்டை கடிப்பது கடிபட்டவருக்குத் தெரியாது என்பது ஒன்று. அது விழுந்த பிறகும் ரத்தம் நிற்காது என்பது இரண்டு. அதன் வாயில் சுரக்கும் ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது. உப்புப் போட்டால் சுருண்டு விழும் என்பது மூன்று. உப்பு அதன் உடம்பு நீரை இழுத்துவிடும். மாடு கழுவப் போன ஓடையில், தன் கெண்டைக்காலையே ஆய்வுக்கூடமாக்கி அவள் கற்ற பாடம். விடைக்குறிப்பில் இருந்த சொற்கள் தாளில் இல்லை. ஏழுக்கு ஒன்று போட்டேன். அந்த ஒன்றும் வினா எண்ணைச் சரியாக எழுதியதற்கு.

ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்: “இம்ப்ரூவ் யுவர் இங்கிலீஷ்.” அறிவியல் தாளில், அறிவியல் வாத்தியார் எழுதிய ஒரே அறிவுரை அது.

*

கடுக்காய் கொடுப்பது என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. ஏய்த்துவிட்டு நழுவுவது. கல்வராயன் மலையோ நிஜக் கடுக்காய்க்குப் பேர்போனது. மலைக்காரர்கள் பொறுக்கிக் காயவைத்து இறக்குகிற கடுக்காய் தோல் பதனிடப் போகிறது, நாட்டு மருந்துக்குப் போகிறது. ஒரு காலத்தில் அதை அன்னபேதியோடு சேர்த்தால்தான் எழுதுகிற மை. நம் பாட்டன்மார் கடன்பத்திரம் எழுதிய கறுப்பே கடுக்காயின் வேதியியல்தான். மலை ஊருக்குக் கடுக்காய் கொடுத்தது, மூட்டை மூட்டையாக. ஊரும் மலைக்குக் கடுக்காய் கொடுத்தது, அரசாணை அரசாணையாக.

நாடு விடுதலையானது 1947-ல். கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்தது 1976-ல். அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். பேசுவது தமிழ், நம்மைவிட நல்ல தமிழ் என்று சொல்லலாம், கலப்படம் பண்ண அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனால் கீழே வந்து பேரையும் சாதியையும் சொன்னதும், “கேரளாவில் எந்தப் பக்கம்?” என்று கேட்கிற படித்தவர்கள் நம்மிடம் ஏராளம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரித்துக் கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் கிட்டே வந்தது. பாடப்புத்தகம் அதற்கு முன்பே தூரமாகப் போய்விட்டிருந்தது.

போன வழியைச் சொல்கிறேன். 2010-ல் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு என்று சட்டம் வந்தது. கைதட்டினோம். 2012-13-ல் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே இங்கிலீஷ் மீடியம் பிரிவுகள் வந்தன, அடுத்த ஆண்டு பரவின. அதற்கும் கைதட்டினோம். நடுவில் ஆட்சிதான் மாறியது. கைகள் அதே கைகள். கடைப் பெயர்ப்பலகையைத் தமிழில் எழுதாத கடைக்காரருக்கு அபராதம் போடுகிற அரசு, தன் சொந்தக் கடையில் என்ன விற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. திட்டங்களின் பெயரைப் பாருங்கள்: இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும், நான் முதல்வன். எல்லாம் வாயில் போட்டால் கரைகிற தமிழ். பந்தல் முழுக்கத் தமிழ்த் தோரணம். பந்தலுக்குள் இங்கிலீஷ் மீடியம்.

பெற்றோர் ஆசைப்பட்டார்கள், அதனால் கொடுத்தோம் என்பார்கள். பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். மலையிலிருந்து கட்டட வேலைக்குப் போன தகப்பன் ஒன்றைக் கண்ணால் பார்த்தான்: நிழலில் நின்றவன் இங்கிலீஷ் பேசினான், வெயிலில் நின்றவன் தமிழ் பேசினான். தன் பிள்ளை நிழலில் நிற்க வேண்டும் என்று நினைத்தது தப்பா? அவன் கேட்டது இங்கிலீஷ். நாம் கொடுத்தது இங்கிலீஷ் மீடியம். இரண்டும் ஒன்றல்ல என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சோறு கேட்டவனுக்கு இலையை விரித்து, “சாப்பிட்டாயிற்று, எழுந்திரு” என்றோம். இங்கிலீஷை ஒரு பாடமாக உருப்படியாகச் சொல்லித்தர ஆள் வேண்டும், உழைப்பு வேண்டும், காசு வேண்டும். மீடியத்தை மாற்ற ஒரு போர்டு போதும்.

*

அந்த மீடியத்தில் வகுப்பு நடக்கிற அழகை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், நடத்தியவன் நான்தானே. ஒரு வரியை இங்கிலீஷில் வாசிப்பேன். அதையே தமிழில் சொல்வேன். பிள்ளைகளுக்குப் புரியும், முகம் மலரும். பிறகு, புரிந்ததை மறந்துவிட்டுப் புரியாததை மனப்பாடம் பண்ணச் சொல்வேன். தேர்வுக்கு வருவது இரண்டாவதுதான்.

பத்தாம் வகுப்பில் ஒளியியல் என்று ஒரு பாடம் உண்டு. மீடியத்துக்குத் தமிழில் ஊடகம். ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குச் சாய்வாகப் போகிற ஒளி தன் பாதையிலிருந்து விலகும். அதற்கு ஒளிவிலகல் என்று பெயர். அடர்மிகு ஊடகத்திலிருந்து அடர்குறை ஊடகத்துக்குப் போகும்போது, கோணம் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், ஒளி வெளியே போகவே போகாது. வந்த ஊடகத்துக்குள்ளேயே திரும்பிவிடும். இந்தப் பாடத்தை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளே அந்த ஒளிக்கதிர்கள் என்பது உறைக்கவில்லை. அம்மாவின் மொழி அடர்மிகு ஊடகம். கைடு இங்கிலீஷ் அடர்குறை ஊடகம். கோணம் எல்லை தாண்டியதும் பிள்ளை மலைக்கே திரும்பிப் போனது. அதற்கு எங்கள் பதிவேட்டில் இடைநிற்றல் என்று பெயர். பிள்ளை நின்றதாம். நாம் நிறுத்தவில்லையாம்.

1953-ல் ராஜாஜி, பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பேர் வைத்து, அடுத்த ஆண்டே திட்டத்தையும் அவரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினோம். சரியாகத்தான் செய்தோம். இன்று எங்கள் திட்டம் அதைவிட நேர்த்தியானது. முழுநாள் பள்ளி. பதினைந்து வயது வரை தினமும் வரலாம், சத்துணவு உண்டு. பதினாறாவது வயதில் பையன் அப்பனின் மண்வெட்டியை எடுப்பான். ஆனால் எங்களை யாரும் குலக்கல்விக்காரர்கள் என்று திட்ட முடியாது. அவனிடம் இங்கிலீஷ் மீடியம் மார்க் ஷீட் இருக்கிறது.

அதே ராஜாஜிதான், கல்வராயன் மலைக்கு மறுபக்கத்துச் சேலத்தில், 1916-ல் அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் ஆக்க ஒரு சங்கம் வைத்தவர். பின்னால் ‘திண்ணை ரசாயனம்’ என்று புத்தகமே எழுதினார். அதற்கும் முன்னே, 19-ம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’ என்று தமிழ்ப் புத்தகம் போட்டார். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர், பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தமிழ் கற்றார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாங்கள், பிள்ளைக்குப் புரிந்துவிடக் கூடாது என்பதற்காக இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டோம்.

தமிழ் மீடியம் ஆசாமிகள் இந்த இடத்தில் மீசையை முறுக்க வேண்டாம். உங்கள் புத்தகத்துத் தமிழும் மலையில் யாரும் பேசுவதில்லை. டவுனிலும் பேசுவதில்லை. காப்பர் சல்பேட்டை ‘தாமிர சல்பேட் பென்டாஹைட்ரேட்’ என்று பாதி பெயர்த்து வைத்திருக்கிறீர்கள். ஆட்டுக் குளம்பு அழுகினால் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிற அந்த நீலக் கட்டிக்கு ஊரில் மயில்துத்தம் என்று பேர் இருக்கிறது. மயிலின் கழுத்து நிறம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதைப் புத்தகத்தில் முதலில் வைத்தால் யாருடைய கௌரவம் குறைந்துவிடும்?

*

இனி எங்கள் கருணையைச் சொல்கிறேன். கொடுமையைவிட அது கொடியது.

பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15, கூட்டினால் 35. ஆசிரியர் அறையில் மலைப் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வது ஒரே வாக்கியம்தான்: “மலைப் புள்ளைங்க சார், இருபது வாங்கட்டும், மிச்சத்த நாம பாத்துக்கலாம்.” எவ்வளவு இரக்கமான வாக்கியம்! சொல்கிறவரின் கண்ணில் நீர்கூடத் துளிர்க்கும். அந்த இரக்கத்தின் இன்னொரு பெயர், இதற்கு மேல் இந்தப் பிள்ளைக்கு வராது என்ற தீர்ப்பு. மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு.

தீர்ப்புக்கு ஏற்றபடி தண்டனையையும் தயாரித்து வைத்திருக்கிறோம். மினிமம் மெட்டீரியல் என்று பெயர். பாடம் முழுவதையும் பிழிந்து, சக்கையை எடுத்துவிட்டுச் சாறு தருகிறோம் என்பார்கள். உண்மையில் சாறு போய்விட்டது, கையில் இருப்பது சக்கை. அதைப் பெறுகிறவர்களுக்கு முன்பு மெல்லக் கற்போர் என்று பேர். மனம் புண்படுமே என்று இப்போது மெல்ல மலரும் மாணவர்கள் என்கிறோம். எந்த மரவள்ளி கசக்கும், கசப்பை எப்படி எடுத்தால் விஷம் போகும் என்று ஏழு வயதில் தெரிந்த பெண், அட்டையைப் பற்றி எழுதிய அந்தப் பெண். சயனைடை அடுப்பங்கரையில் கையாளத் தெரிந்தவள். அவளுக்கு நாங்கள் பூப் பெயர் சூட்டி, ஒரு மதிப்பெண் வினா ஐம்பதைக் கொடுத்து, மூலையில் உட்காரவைத்தோம்.

செய்முறைத் தேர்வு அதைவிடப் புனிதமானது. உப்பில் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளையாகும்; ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பி வரும். வேதியியலில் குழந்தைகளுக்கென்றே செய்துவைத்த மாயம் போன்றது. எங்கள் ஆய்வகத்தில் கேஸ் இல்லை. ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் இல்லை. அலமாரிச் சாவி யாரிடம் என்பதில் இரண்டு கருத்து இருந்தது. அடுப்பே எரியவில்லை, ஆனால் நாற்பது ரெக்கார்டு நோட்டிலும் நீலம் வெள்ளையாகியிருந்தது. ‘காண்பது’, ‘அறிவது’ என்று இரண்டு பத்தி போட்டு, காணாததைக் கண்டதாகவும் அறியாததை அறிந்ததாகவும் எழுதவைத்து, கீழே கையெழுத்துப் போட்டேன். மலைப் பெண்ணுக்கு 25-க்கு 25. தாராளம்! அவள் காலில் ஒட்டிய அட்டைக்கு ஒன்று. அவள் கண்ணில் படாத நீலத்துக்கு இருபத்தைந்து. பார்த்ததை எழுதினால் தண்டனை, பார்க்காததை எழுதினால் பரிசு என்ற பெரிய அறிவியல் உண்மையை அவள் எங்களிடம் பத்தாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டாள்.

பெருந்தொற்று வந்த 2020-ல், நடக்காத பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என்று மதிப்பெண் போட்டார்கள். வந்து உட்கார்ந்ததற்கு இருபது என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. வந்து உட்கார்ந்ததற்கு நாங்கள் பல வருஷமாக இருபத்தைந்து போட்டுக்கொண்டிருக்கிறோம்.

2025 பத்தாம் வகுப்பு முடிவைப் பாருங்கள். தமிழில் நூற்றுக்கு நூறு 8 பேர். ஆங்கிலத்தில் 346 பேர். அறிவியலில் 10,838 பேர். தாய்மொழியைப் பிழையில்லாமல் எழுத மாநிலம் முழுவதும் எட்டே பேர் தேறிய நாட்டில், இயற்கையின் விதிகளைப் பத்தாயிரம் பேர் சந்தேகமறக் கற்று முடித்துவிட்டார்கள். நியூட்டனுக்குக்கூடச் சில சந்தேகங்கள் மிச்சமிருந்தன.

முடிவு வந்ததும் மீளாய்வுக் கூட்டம். திரையில் பார் சார்ட். “உங்க சப்ஜெக்ட்ல எத்தனை போச்சு?” என்பார்கள். போச்சு என்றால் ஃபெயில். மாடு போச்சு, மகசூல் போச்சு என்பது போல. போனது குறைந்தால் மாலை, கூடினால் மெமோ. தேறிய பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதற்கு பார் சார்ட்டில் கலர் இல்லை.

*

இனி வருவதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது.

‘கார்பனும் அதன் சேர்மங்களும்’ என்று ஒரு பாடம். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் தயாரிப்பது எப்படி என்று அதில் படிப்படியாக இருக்கிறது. ஈஸ்ட், இன்வர்டேஸ், சைமேஸ். நாங்கள் மூன்று நட்சத்திரம் போட்டுக் கொடுக்கிற கேள்வி. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பாடம் வெறும் பாடமல்ல. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். கழிவுப்பாகின் வாடையில் வளர்ந்த மூக்கு அது.

2024 ஜூன். கள்ளக்குறிச்சி டவுனுக்குள்ளேயே இருக்கும் கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிரைக் குடித்தது. பெரும்பாலும் கூலி வேலைக்குப் போனவர்கள். முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதே பாடம் நடந்து முடிந்திருந்தது; திருப்புதல் தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்தனாலும் எத்தனாலும் பார்வைக்கு ஒன்று, வாடையும் ஏறக்குறைய ஒன்று. உள்ளே போனபின் கல்லீரல் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக, பின் ஃபார்மிக் அமிலமாக மாற்றும். முதலில் கண் நரம்பு போகும், பிறகு ஆள்.

அவர்கள் செத்தது அறிவியல் தெரியாததால் என்று சொல்கிற அயோக்கியத்தனம் எனக்கு வராது. விற்றவன் காரணம், விற்கவிட்டவன் காரணம், மாமூல் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டவன் காரணம். என் கேள்வி எங்கள் தொழிலைப் பற்றியது. இன்வர்டேஸுக்கு ஸ்பெல்லிங் தப்பினால் அரை மதிப்பெண் குறைக்கிறோம். எத்தனால் எது, மெத்தனால் எது என்று அந்தத் தெருவின் மொழியில், அந்தத் தெருப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும்படி நாங்கள் ஒருநாளும் சொல்லித்தரவில்லை. இரண்டில் எது பெரிய பிழை என்று எந்த விடைக்குறிப்பும் சொன்னதில்லை.

பழி வழக்கம்போல மலையேறியது. ஊறலை உடைக்கப் படை போனது, படம் எடுத்தது, பத்திரிகைக்குக் கொடுத்தது. ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் மலை ஊறலில் ஊறி வருவதில்லை. அது தொழிற்சாலைச் சரக்கு, வண்டி ஏறி வருவது. இந்த எளிய வேதியியல் படை நடத்தியவர்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களும் அறிவியலில் தேறியவர்கள்தான். அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. அரசின் கைக்கு வந்து 48 வருஷம் கழித்து, அந்த மலைக்கு அடிப்படை வசதி உண்டா என்று அரசை ஒரு நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது. அத்தனை பேர் சாகாமல் இருந்திருந்தால் அதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மலையைப் பற்றி நாம் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு இவ்வளவுதான். சாராயம் காய்ச்சுவான், இல்லையேல் ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போவான். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் மலைக்காரர்கள் பலர். எதிர்பார்ப்பை இந்த உயரத்தில் வைத்துவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளை 35 எடுத்தால் “பரவாயில்லையே!” என்று வியப்பது எங்கள் பெருந்தன்மை.

*

மத்திய அரசு சும்மா இருக்குமா? பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று நாடு முழுவதும் உண்டு உறைவிடப் பள்ளி திறந்திருக்கிறது. கல்வராயன் மலை வெள்ளிமலையிலும் ஒன்று உண்டு. பேர் ஏகலவ்யா பள்ளி. குருவிடம் கட்டைவிரலைப் பறிகொடுத்த பையனின் பேரைப் பள்ளிக்கூடத்துக்கு வைத்தவருக்கு நகைச்சுவை இருந்ததா, இல்லையா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. இந்தப் பள்ளிகளுக்கு 38,800 ஆசிரியர்களையும் பணியாளர்களையும் எடுப்போம் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தேர்வு டெல்லி நடத்தியது. அதில் இந்தித் தகுதியும் சோதிக்கப்பட்டது. இந்தி தெரிந்த குரு, இங்கிலீஷ் புத்தகம், தமிழ் பேசும் பிள்ளை. பழைய துரோணர் கட்டைவிரலோடு விட்டார். புதியவர்கள் நாக்கைக் கேட்கிறார்கள்.

உலகம் எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று ஆறுதல் சொல்ல வேண்டாம். சான்பிரான்சிஸ்கோவில் இங்கிலீஷ் தெரியாத சீனப் பிள்ளைகளை இங்கிலீஷ் வகுப்பில் உட்காரவைத்து, எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், சமத்துவம்தானே என்றார்கள். 1974-ல் லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புரியாத பிள்ளைக்கு அது சமத்துவமே அல்ல என்றது. இலங்கையில் கிளிநொச்சிப் பிள்ளை உயர்தரத்தில் உயிரியலையும் வேதியியலையும் தமிழிலேயே எழுதிவிட்டு மருத்துவம் படிக்கப் போகிறது. இங்கிலீஷ் அதற்குப் பிறகு வருகிறது, வேலைக்காரனாக. எங்களிடம் இங்கிலீஷ் முதலிலேயே வந்து வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது, காவல்காரனாக.

*

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சால்வை போர்த்தினார்கள். “மலைவாழ் மாணவர் கல்விக்கு அரும்பாடு பட்டவர்” என்று ஒருவர் மைக்கில் சொன்னார். கடுக்காய் என்ற சொல் அப்போது ஏனோ தொண்டையில் துவர்த்தது.

அந்த அட்டைப் பெண் சரியாக 35 எடுத்துத் தேறியிருக்கவில்லை. எழுத்தில் 22, செய்முறையில் என் தாராளம் 25, ஆக 47. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்டாள். “ஒனக்கு இங்கிலீஷ் வராதும்மா, வேற குரூப் எடு” என்று அனுப்பிவைத்தோம். பிறகு அவள் வரவில்லை. பதிவேட்டில் இடைநிற்றல்.

ஆனால் அவளைப் பற்றி நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. இயக்க விதிகள் பாடம் நடத்திய அன்று. தரையிலிருந்து உயரம் கூடக் கூட ஈர்ப்பு முடுக்கம் குறையும். ஆகவே மலை உச்சியைவிட அடிவாரத்தில் பொருளின் எடை ஒரு துளி அதிகம் என்று இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னேன். அவள் எழுந்தாள். அந்த ஆண்டு அவள் வகுப்பில் தானாக எழுந்தது அந்த ஒருமுறைதான்.

“சார், அப்பிடின்னா நாப்பது கிலோ கடுக்கா மலையில எட போட்டுக் கீழ எறக்குனா, ஒரு துளி கூடத்தான வரணும்? எங்கப்பா எறக்குறப்பல்லாம் முப்பத்தாறுதான் வருது. ஏன் சார்?”

எண்ணூறு மீட்டர் இறங்கினால் நாற்பது கிலோவுக்குச் சுருள்வில் தராசில் சுமார் பத்து கிராம் கூட வேண்டும். நியூட்டன் கணக்கு அது. நாலு கிலோ குறைவது யாருடைய கணக்கு என்பது அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாத விஷயமல்ல. என் முப்பது வருஷத்தில் எந்தப் பிள்ளையும், எந்தச் சென்டமும் கேட்காத கேள்வி. விதியைப் புரிந்துகொண்டு, உலகத்தோடு ஒட்டிப் பார்த்து, ஒட்டாத இடத்தில் விரலை வைத்த கேள்வி. அறிவியல் என்பதே அதுதான்.

வாசலில் ஆய்வுக்கு வந்த அலுவலர் நின்றுகொண்டிருந்தார். இங்கிலீஷ் மீடியம் வகுப்பு.

“ஆஸ்க் இன் இங்கிலீஷ்,” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

அலுவலர் என் வகுப்புக்கு ‘நன்று’ என்று எழுதிவிட்டுப் போனார்.